ரீப்ளே அண்ணன் லைவில் பார்த்த டெர்பி

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் அவருக்கு ரீப்ளே அண்ணன் என்று பேர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் வாயில் சர்க்கரை போடலாம். குதிரைப் பந்தயம் என்றால் மனுஷனுக்கு உயிர். ஆனால் ஓடி முடிந்து, யார் ஜெயித்தது என்று ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்து, குதிரைகள் லாயத்துக்குப் போய்க் கொள்ளு தின்று தூங்கிய பிறகுதான் பார்ப்பார். ஓடிக்கொண்டிருக்கிற பந்தயத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

வேலையிலும் இதே கதைதான். பழுது பார்த்த லிஃப்ட்டில் முதலில் அவர் மட்டும் ஏறி உச்சிவரை போவார், இறங்குவார், பிரேக்கைச் சோதிப்பார், சுவரில் காதை வைத்துக் கேட்பார். கீழே கைநிறையப் பையோடு நிற்கிற கூட்டத்திடம், “இன்னும் ஒரே ஒரு தடவை போய்ட்டு வந்துடறேன் சார்” என்பார். அந்த ஒரே ஒரு தடவை முடிவதற்குள் பாதிப் பேர் படியேறி வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர் குடியிருந்தது ஒரு சலூனுக்கு மேலே, முதல் மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பார்த்துத்தான் பிடித்திருந்தார்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் பழைய பந்தயம் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ‘மண்டே மார்னிங்’ என்று ஒரு குதிரை. கினீஸ் பந்தயத்தன்று வியர்த்து, நுரை தள்ளி, ஓட்டம் தொடங்குகிற கேட்டுக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்ததை, நாலு ஆள் பின்னாலிருந்து தள்ளி உள்ளே அனுப்பினார்கள். கேட் திறந்ததும் அது ஓடிய ஓட்டத்தில் மற்ற குதிரைகளெல்லாம் வழிகேட்டு வந்தமாதிரி இருந்தது. “பயந்தாங்கொள்ளிதான், ஆனா பாரு” என்று மனைவியிடம் சொல்வார், சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோல. தூக்கம் வராத நாளுக்கு ஓக்ஸ் பந்தயத்தை ஜெயித்த ‘பேப்பர் லான்டர்ன்’. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை அந்தப் பெண் குதிரை முன்னால் தனியாக ஓடும். பக்கத்தில் ஒரு ஈ கிடையாது. ஆனால் மனசுக்கு மிக நெருக்கம் டெர்பி ஜெயித்த ‘லேட் டிரெயின்’தான். கடைசித் திருப்பத்தில் கடைசிக் குதிரை அது, எல்லைக்கோட்டில் ஒரு தலை முன்னால் நீட்டி ஜெயித்தது. எண்ண முடியாத தடவை பார்த்தாயிற்று. இருந்தும் திருப்பம் வந்தால் சோபாவின் கைப்பிடியை இறுக்கிக்கொள்வார்.

“இந்தத் தடவையும் அதேதான் ஜெயிக்கும். காபி ஆறுது, குடிங்க” என்பாள் மனைவி.

ஓடுகிற பந்தயத்தைப் பார்க்க இப்படிப் பயப்பட ஒரு காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தி, மைதானத்துக்கே போய் வேலியோரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்தான். ஒருநாள் திருப்பத்தில் ஒரு ஜாக்கி, வேலிக்கும் இன்னொரு குதிரைக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் நுழைந்தான். இடைவெளி மூடிக்கொண்டது. குதிரை மண்டியிட்டது, ஜாக்கி இவருடைய காலடிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டான். எழுந்ததை இவரும்தான் பார்த்தார். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் இவருக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்றோடு மைதானம் போச்சு. முடிந்த பந்தயத்தில் யார் விழுவார், யார் எழுவார் என்பது முன்னாடியே தெரியும். நெஞ்சு படபடத்தாலும் கைமீறிப் போகாது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே மகள் ஜாக்கி ஆனாள்.

யாரைக் குற்றம் சொல்வது? லேட் டிரெயினைப் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிச் சோபாவின் கைப்பிடியில் உட்காரவைத்து, முட்டியை மடக்கி, முதுகை வளைத்து, “இப்படித்தான்டா செல்லம்” என்று காட்டிக்கொடுத்தவர் அவர்தான். அந்தக் கைப்பிடியின் ரெக்சின் கிழிந்ததும் அவள் முட்டி பட்டுத்தான். பெரியவளாகிப் பயிற்சிக்குச் சேர்ந்தாள், சின்னச் சின்னப் பந்தயங்களில் ஓட்டினாள். ஒவ்வொன்றையும், அவள் கையும் காலும் முழுசாய் வீடு திரும்பிய பிறகு, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்தார்.

அந்த வாரம் பெரிய ஜாக்கி ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவர் ஓட்டவேண்டிய ‘இங்க் பாட்டில்’ என்ற கறுப்புக் குதிரை இவள் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை டெர்பி. சனிக்கிழமை போன் செய்தாள்.

“அப்பா, இந்த ஒண்ணையாவது லைவ்ல பாருப்பா.”

“நீ வந்ததுக்கு அப்புறம் சேந்து பாக்கலாமே.”

“அது பாக்கறது இல்லப்பா, நான் முழுசா இருக்கேனான்னு செக் பண்றது. நான் என்ன லிஃப்டா?”

பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். போனை வைத்தபோது காதெல்லாம் வியர்த்திருந்தது.

ஞாயிறு காலை மனைவி குடையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினாள். நீங்களும் வரலாமே என்று அவள் கேட்கவில்லை; மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் அண்ணன் கீழே சலூனுக்கு இறங்கினார். ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்ததில் ஒரு யோசனை உதித்திருந்தது.

மாடியில் இருப்பது நெட்டில் வருகிற டிவி. சலூனில் இருப்பது பழைய ரேடியோ. எந்த மேட்ச் நடந்தாலும் கீழே முதலில் கத்துவார்கள், அரை நிமிஷத்துக்கும் மேலே கழித்துத்தான் மாடியில் பந்து போகும். மனைவிக்கு இதில் தீராத எரிச்சல். அண்ணனுக்கோ இப்போது அதுதான் கைகொடுக்கிற தெய்வம். சலூன்காரர் பந்தயத்தை ரேடியோவில் கேட்டு, மகள் பத்திரமாய் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் துடைப்பக் கட்டையால் கூரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். அதற்குப் பிறகு மாடியில் மிச்சம் ஓடுவது, லைவ் என்று பேர்தானே தவிர, பழைய பந்தயம்தான்.

சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஊரில் உள்ள வர்ணனையாளர் அத்தனை பேரின் குரலும் அவருக்கு அத்துப்படி. ஷேவ் செய்யும்போதே வாடிக்கையாளரின் கன்னத்தைப் பந்தயமாக்கி, “நுரை முந்துகிறது, பிளேடு பின்தொடர்கிறது” என்று ஓட்டுவார்.

“அண்ணே, இது பரிட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாள வாங்கற மாதிரில்ல இருக்கு.”

“பரிட்சை அவளுக்குப்பா. நான் வெளிய நிக்கறவன்தானே.”

“சரி, ஒரு தட்டுன்னா பாப்பா பத்திரம். ஒருவேளை…” என்று ஆரம்பித்த சலூன்காரர் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரெண்டு தட்டெல்லாம் வேண்டாம்ல?” என்று முடித்தார்.

“அதுக்குத் தட்டவே தட்டாத” என்றார் அண்ணன்.

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது. தட்டாமல் இருந்தால்? அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்காக, மாடிக்குப் போய்க் குழாய் மூடியிருக்கிறதா, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

டிவியில் குதிரைகள் கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. மகளுக்கு வெள்ளைத் தொப்பி, ஏழாம் நம்பர். கீழே ரேடியோவில் அதற்குள் மணி அடித்து, கூட்டம் இரைவது தரைவழியாகக் கேட்டது. அவள் ஓட ஆரம்பித்துவிட்டாள். இங்கே இன்னும் கேட்டுக்குள் நின்று கடிவாளத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். அவளை அப்படியே அங்கே நிறுத்தி வைக்கவேண்டும்போல இருந்தது.

டிவியிலும் கேட் திறந்தது. வெள்ளைத் தொப்பி நடுக்கூட்டத்தில் அமிழ்ந்தது. அண்ணன் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு பாதத்தைத் தரையிலும் வைத்துக் காத்திருந்தார். உள்ளங்கால் கூசியது. கீழே இரைச்சல் ஏறியது. ஏறியபடியே இருந்தது. தட்டு வரவில்லை.

அதற்குப் பதிலாகப் படியில் தடதடவென்று சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையில் பிளேடும் மறு கையில் நுரைப் பிரஷ்ஷுமாகச் சலூன்காரர் நின்றார்.

“அண்ணே, பாப்பா வேலியோரமா இடைவெளியில உள்ள பூந்துடுச்சு.”

“பூந்து?”

“ரேடியோவுல கேட்டுட்டு நிக்க முடியலண்ணே, பாத்துடலாம்னு ஓடி வந்துட்டேன்.” அப்புறம்தான் அவர் திரையைப் பார்த்தார். குதிரைகள் எதிர்ப்பக்கத்தில் நிதானமாய் ஓடிக்கொண்டிருந்தன. “அய்யய்யோ. இங்க இன்னும் திரும்பவே இல்லையா?”

“பூந்து என்ன ஆச்சுன்னு கேக்கறேன்ல.”

“தெரியலண்ணே.”

திரும்பக் கீழே ஓடினால் ரேடியோவில் எல்லாம் முடிந்திருக்கும். ஓட இருவருக்கும் கால் வரவில்லை. அண்ணன் ஆயுசு முழுக்க முடிவு தெரிந்த பந்தயத்தைப் பார்த்தவர். முடிவு தெரியாத பந்தயத்தைப் பார்க்க மாட்டார். இப்போது அவருக்குக் கிடைத்ததோ, நடக்கப்போவதில் ஒரே ஒரு துண்டு. அதுவும் அந்தத் துண்டு. வேலி. இடைவெளி.

திருப்பம் வந்தது. இரண்டு குதிரைகள் லேசாக விலகின. நடுவே ஒரு கறுப்புத் தலை நுழைந்தது. அதே நொடியில் கேமரா முன்னால் ஓடுகிற இரண்டு குதிரைகளுக்குத் தாவியது.

“எங்கடா காட்டற” என்றார் அண்ணன், பிறந்ததிலிருந்து யாரையும் அதட்டாத மனிதர். எழுந்து டிவியிடம் போனார். கழுத்தை நீட்டி, ஓரமாய்ச் சாய்ந்து, திரையின் விளிம்புக்கு அப்பால் எட்டிப் பார்த்தார், ஜன்னலில் பார்ப்பதுபோல. சலூன்காரரும் கூடவே சாய்ந்தார். வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார். யாரோ ஜெயித்தார்கள். அண்ணன் கண் திரையின் கீழ்மூலையை விட்டு நகரவில்லை. ஒரு குதிரை தாண்டியது, இன்னொன்று, அப்புறம் அந்த மூலையில், நிமிர்ந்த முதுகோடு வெள்ளைத் தொப்பி. அஞ்சாவதாக. கோட்டைத் தாண்டி, வேகம் குறைந்து, அவள் குனிந்து குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுக்கிறவரை அண்ணன் மூச்சு விட்டமாதிரித் தெரியவில்லை.

“ஏம்பா, பாதி மீசையோட உக்காந்திருக்கேன்” என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

“இதோ வந்துட்டேன் சார்” என்று சலூன்காரர் இருந்த இடத்திலேயே நின்றார். அண்ணன் கன்னத்தில் கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தது. எப்போது ஒட்டியதென்று இருவருக்கும் தெரியாது.

போன் அடித்தது. மைதானத்து இரைச்சலுக்கு நடுவே மகள் மூச்சு வாங்கினாள்.

“பாத்தியாப்பா?”

“பாத்தேன்.”

“லைவ்லயா? அம்மா நம்ப மாட்டேங்கறா.”

“லைவ்லதான்மா.”

“அப்படியா. யாரு ஜெயிச்சா சொல்லு.”

பழைய டெர்பி எதைக் கேட்டாலும் குதிரையின் பேர், ஜாக்கியின் பேர், எத்தனை குதிரை நீளத்தில் ஜெயித்தது என்று தூக்கத்தில்கூடச் சொல்கிறவர் வாயைத் திறந்து மூடினார். பின்னால் டிவியில் கடைசித் திருப்பத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சலூன்காரர் பிரஷ்ஷால் திரையைக் காட்டிக் காட்டிச் சைகை செய்தார். அண்ணன் திரும்பவில்லை.

“தெரியலம்மா” என்றார்.

அவள் போனை நகர்த்தி, “அம்மா, நிஜமாவே பாத்திருக்காரும்மா” என்று சொன்னது கேட்டது.

திரும்பப் போனுக்கு வந்தபோது குரலில் சிரிப்பு இருந்தது. “அடுத்த மாசம் செயின்ட் லெஜர் பந்தயம்ப்பா. அதுலயும் இங்க் பாட்டில் எனக்குத்தானாம்.”

அண்ணன் அப்போதுதான் சோபாவில் உட்கார்ந்தார். கை தானாகப் போய், ரெக்சின் கிழிந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

“எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.