செலின் அக்காவின் ஆவிஜாடி

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தபோது, செலின் அக்காவுக்கு இருப்பது ஆஸ்துமா என்கிற இளைப்பு நோய் என்று நான் சொல்லவில்லை.

போன வாரம் விழுப்புரத்தில் அலுவலகத்தில் இருந்தேன். கண்டாச்சிபுரத்திலிருந்து அக்காவின் மகள் ஜெனி பேசினாள். "அம்மா எங்கூட்டுக்கு வந்துருந்தாங்க. மூச்சு வாங்கிச்சு. ஆவி புடிக்க அடுப்புல தண்ணி வெச்சேன். கொதிக்கறதுக்குள்ள போயிட்டாங்கக்கா." எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். ஓய்வு பெறும்வரை என் பக்கத்து மேசை அக்காவுடையது.

நம் அலுவலகத்தில் உங்களில் பலர் அந்த மேசையில் ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பீங்கான், கார்க் மூடி, அதில் செருகிய வளைந்த கண்ணாடிக் குழாய். வெந்நீர் ஊற்றி, குழாயில் வாய் வைத்து ஆவியை இழுப்பார். "இன்னாக்கா, ஹுக்காவா?" என்று சீண்டினால், "நீயும் ஒரு இழு இழுத்துப் பாரு, மேனேஜர் மூஞ்சி மங்கலா தெரியும்" என்பார். மருத்துவர் தந்த இன்ஹேலர் பம்பு கைப்பையின் அடியில் கிடக்கும். "பம்பு எடுத்தா இளைப்புக்காரி. ஜாடி எடுத்தா வெறும் சளி. ஊட்டுல பொண்ணு வெச்சிக்கினு இருக்கேன்ல?"

ஜெனியைப் பெண் பார்க்க வந்தபோது அக்காவின் திண்டிவனம் வீடு முழுக்க பஜ்ஜி எண்ணெய்ப் புகை. அக்காவின் மூச்சு விசிலடித்தது. சமையலறையில் ஜாடியோடு உட்கார்ந்துவிட்டார். "பம்ப எடுங்கக்கா" என்றேன். என் வாயைப் பொத்தினார். அப்போது தண்ணீர் கேட்டு மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார்.

"இன்னாங்க, இளைப்பா?"

"சளிதாங்க. பனி ஒத்துக்கல."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் டம்ளரைக் கழுவினேன். அவர் அக்காவின் எதிரில் மெல்ல உட்கார்ந்தார். அவருடைய தோள்களும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின.

"எனக்கும் இதே சளிதான். குடுங்க, நானும் கொஞ்சம் இழுக்கறேன்."

முந்தானையால் குழாயைத் துடைத்துத் துடைத்து இருவரும் மாறி மாறி இழுத்தார்கள். "நல்லா இழுங்க சம்பந்தி" என்றார் அந்த அம்மா. கூடத்தில் ஆண்கள் இன்னும் சம்பந்தம் பேசத் தொடங்கவே இல்லை. அக்கா சிரித்த சிரிப்பில் குழாய் நழுவி மடியில் விழுந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் அதைச் சளி என்றே சொல்லிக்கொண்டார்கள். சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டால், அங்கே யார் கண்ணிலும் படக்கூடாதென்று அக்கா பம்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். போன வாரமும் அப்படித்தான் போனார்.

அன்று நான் வாய் திறந்திருந்தால் ஜெனியின் கல்யாணம் நின்றிருக்கலாம். அக்கா இருந்திருக்கலாம். இரண்டும் நடக்காமலும் போயிருக்கலாம். எந்தப் பக்கமும் மனம் நிலைகொள்ளவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த மூச்சின் சத்தம்தான். பேருந்தில் யார் இருமினாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா விழுப்புரம் வந்தார். மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். சீட்டு எழுதுகிறவர், என்ன தொந்தரவு என்று கேட்டார். பின்னால் நீண்ட வரிசை நின்றது.

"இளைப்பு. ரொம்ப வருசமா" என்றார் அந்த அம்மா, சத்தமாக.