எங்கள் ஊரும் பத்தாம் நம்பரும்

கூத்தாநல்லூரில் பந்து மைதானத்துக்கு எதிரே என் மருந்துக்கடை. கல்யாணமாகி, கணவர் குவைத்துக்குப் போன வருடமே இந்தக் கடையை ஆரம்பித்தேன். வலி ஸ்ப்ரேயும் க்ரேப் பேண்டேஜும் என் கடையில் விற்கிற அளவுக்குச் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் விற்காது. ஆட்டக்காரர்கள் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வருவார்கள். அவர்களைப் பற்றிப் பேச ரசிகர்கள் பின்னாலேயே வருவார்கள். சுகர் மாத்திரை வாங்க வந்த பெரியவர்கூட நேற்று யார் பந்தைக் கோட்டைவிட்டான் என்று சொல்லிவிட்டுத்தான் சில்லறையை வாங்குவார்.

பத்தாம் நம்பரைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதை அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் வருடக்கணக்கில் கேட்டேன். அவனை யாரும் பேர் சொல்லி அழைத்ததில்லை. போட்டிருக்கிற சட்டையின் எண்ணைச் சொல்லி 'பத்து' என்பார்கள். சந்தோஷமாக இருந்தால் 'நம்ம பத்து'. கோபம் வந்தால் சொல்வதை இங்கே எழுத முடியாது.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவனுக்கு. அப்பா நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். அறுவடை முடிந்த வயலில் கம்பு நட்டு நடத்திய ஒரு போட்டியில் எங்கள் டீம் செயலாளர் அவனைப் பார்த்திருக்கிறார். செயலாளருக்கு ஊரில் ஜவுளிக்கடை இருக்கிறது, ஆனால் கடையில் அவரைப் பார்ப்பது அபூர்வம். நெல்தாள் குத்துகிற தரையில் வெறுங்காலோடு அவன் பந்தை எடுத்துப்போன விதத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கையோடு அழைத்துவந்துவிட்டார்.

முதல் வருடமே ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. இடது காலால் அவன் அடித்தால் பந்து வலைக்குள் போன பிறகுதான் கோல்கீப்பர் அசைவார். ஆனால் குணம் ஒரு மாதிரி. எதிரணி நம் கோல் பக்கம் முற்றுகை போடும்போது நடுக்கோட்டில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பான். ஓடிவந்து தடுக்க மாட்டான். பாஸ் தப்பாக வந்தால் வயதில் மூத்தவர் என்றுகூடப் பார்க்காமல் கத்துவான். ரெஃப்ரியிடம் வாக்குவாதம் செய்து மஞ்சள் அட்டை வாங்காத நாள் குறைவு. அதையெல்லாம் அப்போது 'வேகம்' என்றார்கள்.

என் கணவர் அந்த வருடங்களில் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து மைதானம் தெரியும். நான் கடையை உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு மாடிக்குப் போய் வீடியோ காலில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பேன்.

"பத்தக் காட்டு. பந்து எங்க போனா என்ன, பத்த மட்டும் காட்டு" என்பார்.

"கை வலிக்குதுங்க."

"கைய மாத்திக்க."

குவைத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அதன் முகப்புப் படமாகப் பத்தாம் நம்பரைத்தான் வைத்திருந்தார்கள்.

மூன்றாவது வருடம், கோடை விடுமுறைப் போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களே இருக்கும்போது, அவன் மன்னார்குடி டீமில் சேர்ந்துவிட்டான். எங்களுக்கு ஆகாத டீம் என்று ஒன்று உண்டென்றால் அது மன்னார்குடிதான். செயலாளர் என் கடைக்கு வந்து பிரஷர் மாத்திரை கேட்டார்.

"ஒரு வார்த்த சொல்லலம்மா. பெத்த பிள்ள மாதிரி பாத்துக்கிட்டேன். அடுத்தவன் சொல்லித்தான் எனக்கே தெரியுது."

அந்தப் போட்டியின் அரையிறுதியில் மன்னார்குடிக்கும் எங்களுக்கும் ஆட்டம். அவன் எங்களுக்கு எதிராகக் கோல் போட்டான். போட்டதோடு விட்டானா, நேராக எங்கள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த கேலரிக்கு முன்னால் ஓடிவந்து உதட்டில் விரலை வைத்து 'வாயை மூடு' என்று காட்டினான். செருப்பும் தண்ணீர் பாக்கெட்டும் பறந்தன. நான் மாடியில் போனைப் பிடித்தபடி நின்றேன். "போதும், போனக் கீழ எறக்கு" என்றார் என் கணவர்.

மறுநாளிலிருந்து கடையில் வேறு கதை ஓடியது. அவனுக்கு எப்போதுமே திமிர் என்றார்கள். அவன் போட்ட கோலெல்லாம் நம் பையன்கள் கொடுத்த பாஸில் போட்டவை, வேறு யார் நின்றிருந்தாலும் போட்டிருப்பார்கள் என்றார்கள். 'வேகம்' என்று சொன்ன அதே வாய்கள்தான். வாட்ஸ்அப் குழுவின் படம் அன்று ராத்திரியே மாறிவிட்டது.

இரண்டு வருடம் அவன் மன்னார்குடிக்கு ஆடினான். அதற்குள் என் கணவர் குவைத் போதும் என்று முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். கடையில் எனக்கு ஒத்தாசையாக இருந்தார். ஒருநாள் மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் பைக் ஒன்று வந்து நின்றது. பத்தாம் நம்பர் இறங்கி வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"அக்கா, முட்டிக்குப் போடுற நீ-கேப் ஒண்ணு குடுங்க. நல்லதா குடுங்க, இந்த சீசன் பூரா தாங்கணும்."

"எந்த டீமுக்கு?"

"இங்கதாங்க்கா. திரும்ப வந்துட்டேன். செகரட்டரிகிட்ட பேசியாச்சு."

என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து சரக்கு பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஏன் போன?"

"அங்க ஆடணும்னு தோணுச்சு, போனேன். இப்ப இங்க ஆடணும்னு தோணுது."

"ஊரு சும்மா விடும்னு நெனைக்கிறியா?"

"கோபமாத்தான் இருப்பாங்க. ரெண்டு கோல் அடிச்சா சரியாயிடும்ணே."

நீ-கேப்பை வாங்கி அங்கேயே காலில் மாட்டி, இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் கணவர் என்னிடம் திரும்பினார்.

"ஒரு மன்னிப்பு கேட்டானா பாரு. கேட்டிருந்தா இப்பவே விட்டிருப்பேன்."

எனக்கு அவன் பதில் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது அவருக்கு.

அந்தக் கோடைப் போட்டியில் கேலரி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் அவன் பந்தைத் தொட்டாலே ஊளையிட்டார்கள். இன்னொரு பக்கம் அடக்கி வாசித்துக் கைதட்டினார்கள். அவன் கோல் போடப் போட ஊளை குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவன் கோல் போட்டால் பாஸ் கொடுத்தவனைப் பாராட்டுவார்.

இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரே மன்னார்குடி.

அன்று காலையில் நல்ல மழை. மதியம் வெயில் அடித்தும் மைதானம் உழுது போட்ட வயல் மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஆட்டம் தொடங்கியது. இந்த முறை நான் மாடியில் நிற்கவில்லை. கேலரியின் ஓரத்தில் பெண்களுக்கென்று நாற்காலி போட்டிருந்தார்கள், அங்கே உட்கார்ந்தேன். முதல் பாதியில் அவர்கள் ஒன்று, இரண்டாம் பாதியில் நாங்கள் ஒன்று. எங்கள் கோலை அவன் போடவில்லை. அதுமட்டுமில்லை, கோல்கீப்பரே விழுந்து கிடக்க, காலியாக இருந்த கோலுக்கு அவன் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. கேலரியின் அந்தப் பக்கத்தில் என் கணவர் எழுந்து நின்றது தெரிந்தது.

"வித்துட்டான்யா" என்று யாரோ சொன்னார்கள். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மன்னார்குடிக்காரர் ஒருவர் அடித்த பந்தை எங்கள் கோல்கீப்பர் பாய்ந்து தட்டிவிட்டார். தட்டிய வேகத்தில் கை கம்பத்தில் இடித்தது. ரெஃப்ரி விசில் ஊதினார். ஆட்டம் டிரா, டை-பிரேக்கர் என்று அறிவித்த அதே மைக்கில் அடுத்த அறிவிப்பு வந்தது.

"மெடிக்கல் அக்கா எங்க இருந்தாலும் கிரவுண்டுக்குள்ள வரவும்."

புர்காவின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் போனேன். இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் மைதானத்துக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். கோல்கீப்பரின் மோதிர விரல் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினேன்.

"இவரால நிக்க முடியாதுங்க. உடனே எக்ஸ்ரே எடுக்கணும்" என்றேன்.

செயலாளர் முகம் வெளிறிவிட்டது. இன்னொரு கோல்கீப்பர் விசா வந்து முந்தின வாரம்தான் கத்தாருக்குப் போயிருந்தார். யார் நிற்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, சேற்றில் கிடந்த கையுறைகளைப் பத்தாம் நம்பர் எடுத்து மாட்ட ஆரம்பித்தான். யாரையும் கேட்கவில்லை.

"டேய், நீ என்ன பண்ற?" என்றார் செயலாளர். "நீ பெனால்டி அடிக்கிற ஆளு."

"அதையும் அடிக்கிறேன்."

"இது வெளையாட்டு இல்லடா."

"அவனுங்க அஞ்சு பேரும் எங்க அடிப்பானுங்கன்னு எனக்குத் தெரியும்ணே. அங்க நான் கோச்சோட சண்ட போட்டா தண்டனையா என்னத்தான் கோல்ல நிக்க வைப்பாரு. பிராக்டீஸ்ல பாதி நாள் கோல்லதான் நின்னேன்."

செயலாளர் என்னைப் பார்த்தார். "நிக்கட்டுமே மாமா" என்றேன். பொழுது சாய்ந்ததும் வரும் மக்ரிப் தொழுகைக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று ரெஃப்ரி அவசரப்படுத்தினார்.

அவன் கோலில் போய் நின்றதும் கேலரியில் பெரிய கூச்சல். ஊளையா ஆரவாரமா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. நான் காயம்பட்டவர் பக்கத்திலேயே கோட்டோரம் நின்றுவிட்டேன். வண்டி வந்தும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டார். முடிவைப் பார்க்காமல் போக மாட்டாராம்.

மன்னார்குடியின் முதல் பந்துக்குச் சரியான பக்கம்தான் பாய்ந்தான், பந்து அவன் விரல்களில் அறைந்து அடியில் நழுவிப் போனது. எங்கள் ஆளும் போட்டார். இரண்டாவது அடிக்க வந்தவரைப் பார்த்து இவன் சிரித்தான். அசையாமல் நின்றான். அவர் நடுவில் மெதுவாகத் தூக்கி அடித்த பந்து இவன் நெஞ்சுக்கே வந்து சேர்ந்தது. கோப்பையே கிடைத்தமாதிரி நாங்கள் கத்தி முடிப்பதற்குள் எங்கள் இரண்டாவது ஆள் கம்பிக்கு மேலே அடித்துவிட்டார். மூன்றாவதை இரு பக்கமும் போட்டார்கள்.

நான்காவது அடிக்க வந்தவரிடம் இவன் இடது மூலையைக் கைகாட்டி, "அங்கதானே" என்று கேட்டான். எனக்கே கேட்டது. அவர் பின்னால் போனார், நின்றார், மறுபடி பந்தைச் சரிசெய்தார். ஓடிவரும்போதே மனதை மாற்றிக்கொண்டார் என்று நினைக்கிறேன். பந்து வலது கம்பத்துக்கு வெளியே போனது. எங்கள் ஆள் போட்டார். கடைசியாக வந்த அவர்கள் கேப்டன் எந்தக் குழப்பமும் இல்லாமல் மேல் மூலையில் அடித்தார். அதை யாரும் பிடித்திருக்க முடியாது.

இப்போது சமம். எங்களுக்கு ஒரே ஒரு அடி பாக்கி. அது பத்தாம் நம்பருடையது.

கையுறையைக் கழற்றாமலே நடந்து வந்தான். "கழட்டிட்டு அடிடா" என்று கேலரியிலிருந்து ஒரு குரல் வந்தது. என் கணவர் குரல்தான். அவன் காதில் வாங்கவில்லை. பந்தை வைத்தான், இரண்டடி பின்னால் போனான், இடது காலால் அடித்தான். சேற்றைக் கிழித்துக்கொண்டு தரையோடு போய் வலையில் விழுந்தது பந்து.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கேலரி அப்படியே மைதானத்துக்குள் இறங்கியது. விரல் உடைந்தவர் நல்ல கையால் என் மருந்துப் பெட்டியைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தடுப்புக் கம்பியைத் தாண்டி ஓடிவந்து, சேறோடு சேறாக அவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். தூக்க முடியாமல் இரண்டு பேரும் விழுந்தார்கள். மன்னார்குடி ஆட்டக்காரர்கள் வந்து அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், ஒருவர் செல்லமாகத் தலையில் குட்டினார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் வரை ஆட்டம் பாட்டம், தொழுகை முடிந்ததும் டிராக்டரில் ஊர்வலம். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையிலும் ஷர்பத் கொடுத்தார்கள். நானும் கடையில் இருந்த குளுக்கோஸ் பாக்கெட்டையெல்லாம் உடைத்துக் கரைத்துக் கொடுத்தேன். எனக்கும் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோதே கூட்டம். தொண்டை வலிக்கு மாத்திரை கேட்டு வந்தவர்களே பாதிப் பேர்.

"அவன் மன்னார்குடிக்குப் போனது எதுக்குன்னு இப்பப் புரியுதா?" என்று என் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷம் அவனுங்க ஆட்டத்தப் படிச்சிட்டு வந்திருக்கான்யா."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அனுப்பி வெச்சதே நான்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் மாத்திரைப் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

பத்து மணிவாக்கில் அவனே வந்தான். விரல்கள் வீங்கியிருந்தன. கூட்டம் வழிவிட்டது. ஒருவர் அவனுக்கு டீ சொன்னார், இன்னொருவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் ஸ்ப்ரே அடித்து ஒவ்வொரு விரலாகக் கட்டிவிட்டேன்.

"அடுத்த வருஷம் கப்ப விடக் கூடாது" என்றேன்.

"தெரியலக்கா. தஞ்சாவூர்ல ஒரு டீம் கூப்புடுறாங்க. போனாலும் போவேன்."

டீ வாங்கி வந்தவர் கிளாஸைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று நின்றார். எல்லோரும் என் கணவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மோவாயைத் தடவிக்கொண்டார். பிறகு டீ கிளாஸை வாங்கி அவன் கையில் தானே கொடுத்தார்.

"போயிட்டு வரட்டும்" என்றார். "தஞ்சாவூர்க்காரனுங்க பெனால்டிய எந்தப் பக்கம் அடிக்கிறானுங்கன்னு நமக்கும் தெரிய வேணாமா."