சரோஜம்மாவும் ராகிக் கதிர் ஏந்திய சேர்மனும்

வெப்சைட் செய்கிறவனும் கல்யாணப் பந்தல் போடுகிறவனும் ஒரே ஜாதி: வாழை மரம் நிமிர்ந்து நிற்கிறதா, சீரியல் லைட் மின்னுகிறதா என்று பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள், உள்ளே போக வழி விட்டிருக்கிறாயா என்று ஒருத்தர் கேட்கமாட்டார். அரசாங்க ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பிரிவு என்ற மூலையில் உட்கார்ந்து குப்பை கொட்டிய சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மைசூரில், விதையும் உரமும் விற்கிற ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம், பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. எல்லா ஆபீசுக்கும் வெப்சைட் வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. செய்தேன். இங்கிலீஷில் வாசகம், ஓடும் எழுத்து, கண் சிமிட்டும் நட்சத்திரம், சுழலும் தாமரை, எல்லாம் வைத்தேன். எனக்கே கண் கூசியது.

அதே சமயம் ஆபீசுக்கு தானியங்கி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வரப்போவதாகச் சேதி வந்தது. அது வந்தால் எங்கள் டெலிபோன் ஆபரேட்டர் சரோஜம்மாவுக்கு வேலை இல்லை. பிறவியிலேயே பார்வை கிடையாது. தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரர், வீட்டில் தமிழ், மைசூரில் விடுதியில் தங்கி ஆங்கிலமும் டெலிபோன் வேலையும் படித்தவர். பதினெட்டு வருஷம் எங்கள் எல்லோருடைய குரலையும் பொய்யையும் அறிந்தவர். அவரைத் தூக்கி எங்கோ ஒரு கிடங்கில் சும்மா உட்கார வைப்பதாக ஃபைல் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு வழி இருந்தது. விவசாயிகள் போன் செய்து எந்த டெப்போவில் என்ன விதை இருக்கிறது என்று கேட்டால், வெப்சைட்டைப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு விசாரணை உதவியாளர் வேண்டும் என்று புதிதாக ஒரு பதவி. சரோஜம்மா விண்ணப்பித்தார். "வெப்சைட்டை அவர் எப்படிப் படிப்பார்?" என்று ஜெனரல் மேனேஜர் ஓரத்தில் எழுதி, ஃபைலை என்னிடம் தள்ளினார். மூன்று மாதத்துக்குள் அவர் முன்னால் படித்துக் காட்ட வேண்டும்.

வரவேற்பு

திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் ஒரு சாஃப்ட்வேர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பெங்களூர் நண்பர் ஒருவரிடமிருந்து அதன் மாதிரிப் பிரதியை வாங்கி வந்தேன். அமெரிக்கக் குரல். நஞ்சன்கூடு என்பதை ஏதோ கராத்தே அடி மாதிரி உச்சரிக்கும். சரோஜம்மாவை உட்கார வைத்து, பெருமையாக முதல் பக்கத்தைத் திறந்தேன்.

மேலே ஓடும் வரி "வெல்கம்" என்று ஆரம்பித்தது. எழுத்து நகர நகர, புதுசாக ஏதோ வந்துவிட்டது என்று நினைத்து மெஷின் மறுபடி முதலிலிருந்து படித்தது. மறுபடியும். மறுபடியும். ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு சரோஜம்மா சொன்னார்:

"வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சுக்கிட்டே இருக்கறாங்க சார். பந்திக்கு எப்பங்க விடுவாங்க?"

சேர்மனைத் தாண்டி

ஓடும் வரியைப் பிடுங்கி எறிந்தேன். அடுத்தது படங்கள். படத்தை மெஷினால் படிக்க முடியாது. அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரி விளக்கம் எழுதி வைத்தால் அதைப் படிக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சேர்மன் படம். "சேர்மன்" என்று ஒரே சொல் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒப்புதல் இல்லாமல் சேர்மனைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது என்ற பயத்தில், பட விளக்கங்களின் பட்டியலை மேலே அனுப்பித் தொலைத்தேன்.

பத்து நாள் கழித்து, நாலு கையெழுத்தோடு திரும்பி வந்தது. சேர்மன் படத்துக்கு நேரே இப்படி: "விவசாயிகளின் உற்ற தோழரும் இந்நிறுவனத்தின் மாண்புமிகு தலைவருமான அன்னார், பச்சைத் துண்டு அணிந்து, வலது கையில் ராகிக் கதிர் ஏந்தி, நாட்டின் எதிர்காலத்தை நோக்கிப் புன்னகை புரியும் காட்சி." மொத்தம் நாற்பத்திரண்டு பக்கங்கள். எந்தப் பக்கம் போனாலும் முதலில் இது. உர விலை பார்க்கப் போனால் கதிர் ஏந்துவார், டெப்போ முகவரிக்குப் போனால் புன்னகை புரிவார். மத்தியானம் வரை கேட்ட சரோஜம்மா ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"அந்தக் கதிரை யாராவது கையில வாங்கிக்கிட்டு அவரைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க சார், பாவம்."

கண் இல்லாதவருக்கு எதற்கு?

சேர்மனை ஒரே தட்டில் தாண்டிப் போக ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குறுக்கு வழி வைத்துவிட்டு, சரோஜம்மாவுக்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் கேட்டு ஸ்டோர்ஸுக்கு எழுதினேன். ஸ்டோர்ஸ் சூப்பரின்டென்டென்ட் சிவண்ணா. நல்ல மனுஷர், ஆனால் பேனாவில் சிவப்பு மை. கம்ப்யூட்டர் வந்தது, கீபோர்டு வந்தது, மானிட்டர் வரவில்லை. நான் எழுதிய இண்டென்டில் ஸ்பீக்கரும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது, ஆபீஸ் நேரத்தில் பாட்டுக் கேட்கும் சாதனம் என்று ஓரக்குறிப்பு. ஸ்பீக்கரை வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். மானிட்டருக்கு மட்டும் நேரில் போய் மன்றாடினேன். எனக்குக் கண் இருக்கிறது, நான் வேலை செய்ய அது வேண்டும் என்றேன். அவர் அந்த இண்டென்ட் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"இதுல உபயோகிக்கறவங்க பேரு சரோஜம்மான்னு இருக்கு ஸ்வாமி. நாளைக்கு ஆடிட்காரன் வந்து, கண்ணில்லாத அம்மாவுக்கு டிவி ஏன் குடுத்தேன்னு கேட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"

சம்பளப் பிரிவிலிருந்து ஒரு மானிட்டரைக் கடன் வாங்கி, எல்லாவற்றையும் சரோஜம்மாவின் டெலிபோன் போர்டுக்குப் பக்கத்து மேஜையில் வைத்தேன்.

வட்ட முத்திரை

எல்லாவற்றையும் விடப் பெரிய வில்லங்கம் இதுதான். எந்த டெப்போவில் எத்தனை மூட்டை என்ற வாராந்திரப் பட்டியல்தான் அந்த வேலைக்கே உயிர். அது டைப் அடித்து, ஸ்டோர்ஸில் கையெழுத்தாகி, வட்ட முத்திரை குத்தி என்னிடம் வரும். முத்திரையோடு அப்படியே ஸ்கேன் செய்து படமாகத்தான் ஏற்ற வேண்டும், முத்திரை இல்லாத பட்டியல் செல்லாது என்பது விதி. படமாக ஏற்றினால் மெஷின் ஊமை. நானே டைப் செய்து கீழே போடுகிறேன் என்றால், கையெழுத்தான தாள் வந்து சேருவதற்குள் அந்த வாரமே முடிந்துவிடும்.

இது ஒன்று பேசாவிட்டால் மற்ற நாற்பத்தோரு பக்கம் பேசியும் பிரயோஜனமில்லை, சரோஜம்மா கிடங்குக்குப் போகவேண்டியதுதான். அவரிடமே சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டு. குனிந்தது அவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. அவர் டெலிபோன் போர்டில் ஒரு பிளக்கைச் செருகி, குண்டலுபேட்டை டெப்போவைக் கூப்பிட்டு, மூட்டைக் கணக்கை வாய்மொழியாகவே வாங்கினார். அப்புறம் நஞ்சன்கூடு, அப்புறம் ராமாபுரம். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். அரை மணியில் பட்டியல் தயார். முத்திரைப் படம் மேலே மௌனமாக இருக்க, அதன் கீழே எங்கள் பட்டியல் பேசியது. அன்று முதல் தினம் காலையில் இதே வேலை. விதி மீறலாயிற்றே என்று நான் இழுத்ததற்கு அவர் சொன்னது:

"முத்திரை அதுபாட்டுக்கு இருக்கட்டுங்க. வெதை வேணுங்கறவனுக்கு மூட்டை எங்கிருக்குதுன்னு தெரிஞ்சாப் போதுமுங்க."

பார்வையிட வந்தவர்

பரீட்சை நாள். ஜெனரல் மேனேஜர் பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. எங்கள் சாஃப்ட்வேர் மாதிரிப் பிரதி அல்லவா, நாற்பது நிமிஷம் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும், கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். பதினோரு மணிக்கு நான் சுவிட்சைப் போடப் போனபோது சரோஜம்மா கையைத் தட்டிவிட்டார். "அவரு என்னைக்குங்க சார் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கறாரு?" பதினொன்றே முக்காலுக்கு வராந்தாவில் ஷூ சத்தம் கேட்டதும் அவரே சுவிட்சைப் போட்டார். அந்த நேரம் பார்த்து சம்பளப் பிரிவிலிருந்து ஆள் வந்து, பில் போடவேண்டும் என்று மானிட்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனான். கெஞ்சிப் பார்த்தேன். மாசக் கடைசியில் யார் கேட்பார்கள்?

ஜெனரல் மேனேஜர் உள்ளே வந்து மேஜையைப் பார்த்தார். பெட்டி, கீபோர்டு, ஸ்பீக்கர். "எல்லிரீ வெப்சைட்டு?" என்றார். எங்கே என்று கேட்கிறார். பின்னால் சிவண்ணா முத்திரை குத்திய பட்டியலோடு நின்றார்.

"மானிட்டரே இல்லாம எப்படியம்மா?" என்று ஜெனரல் மேனேஜர் தமிழுக்கு இறங்கினார்.

"எனக்கு என்னைக்குங்க சார் இருந்துது?" என்றார் சரோஜம்மா. "நீங்க கேள்வி கேளுங்க."

ஜெனரல் மேனேஜர் சிவண்ணாவின் பட்டியலை வாங்கிப் பார்த்துக் கேட்டார். குண்டலுபேட்டையில் கடலை விதை எத்தனை மூட்டை? கீபோர்டு நாலு தட்டு. அமெரிக்கக் குரல் கடகடவென்று ஓடியது. "ஒண்ணுமில்லீங்க சார். நஞ்சன்கூட்டுல அறுபது இருக்குது." அவர் முகம் மாறியது. கையிலிருந்த தாளில் குண்டலுபேட்டைக்கு நேரே நாற்பது மூட்டை, கையெழுத்தும் முத்திரையுமாக. "தப்பு" என்றார். மூன்று மாத உழைப்பும் சரோஜம்மாவின் வேலையும் அந்த ஒரு சொல்லில் போயிற்று என்றே நினைத்தேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சரோஜம்மா டெலிபோன் போர்டுப் பக்கம் திரும்பினார். குண்டலுபேட்டைக்கு லைன் போட்டு, ரிசீவரை ஜெனரல் மேனேஜர் பக்கம் நீட்டினார். அவர் வாங்கிக் கேட்டார். கடைசி மூட்டை சனிக்கிழமையே போய்விட்டது என்றார் டெப்போ மேனேஜர். ஜெனரல் மேனேஜர் தாளை மெதுவாக மடித்து சிவண்ணா கையில் கொடுத்துவிட்டு, சரோஜம்மாவுக்கு ஆர்டர் போடச் சொல்லிக்கொண்டே வெளியே போனார். சிவண்ணா மட்டும் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"மானிட்டர் வேண்டாம்னு நான் அன்னைக்கே எழுதினேனா இல்லையா ஸ்வாமி?"

ஆர்டர்

வந்தது, மூன்றாம் நாள். தாளில், மையில், வட்ட முத்திரையோடு. அடியில், "மேற்படி ஊழியர் இதைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடவும்." சரோஜம்மா அதை எடுத்துக்கொண்டு சுவரைத் தடவியபடி என் அறைக்கு வந்தார். கொடுங்கள், படித்துச் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன். தரவில்லை.

"பதினெட்டு வருசமா எனக்கு வந்த காயிதமெல்லாம் அடுத்தவங்க படிச்சுத்தான் கேட்டேனுங்க சார். இதை டைப் பண்ணி அதுல ஏத்திக் குடுங்க. நானே படிச்சுக்கறேன்."

ஏற்றிக் கொடுத்தேன், அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று தடவை கேட்டார். என் சர்வீசில் நான் செய்த அத்தனை பக்கங்களிலும் ஒரு மனுஷர் ஒரு வரி விடாமல் முழுசாகப் படித்தது அந்த ஒன்றைத்தான், அதில் தாமரையும் இல்லை, சேர்மனும் இல்லை.