கணுக்காலுக்கு அடித்த ரிவிட்டு

ரிவிட்டு அடிப்பதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று கோட்டாற்றில் மார்தட்டித் திரிந்தவன் நான். மகாராஜா ஆட்சி, கொழும்புக்குப் போகிறவர்களெல்லாம் ஒரு தகரப் பெட்டியோடு போன காலம். பெட்டி செய்வது என் தொழில். முன்னறையில் தகரம் தட்டுகிற அடைகல்லும் சுத்தியலும், பின்னறையில் அடுப்பும் பெண்டாட்டியும். பெட்டியின் பிடிக்கு இரும்பு ரிவிட்டு, தோல்வாருக்குச் செம்பு ரிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுப்பேன். இரண்டு தகட்டில் துளை போட்டு, தலையுள்ள ஆணியை நுழைத்து, மறுமுனையையும் அடித்துத் தலையாக்கிவிட்டால் எமன் வந்தாலும் பிரியாது. ரிவிட்டு என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மடையன்.

என் மகளுக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வலது பாதத்தின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது. காலை ஊன்றினால் கணுக்கால் பக்கவாட்டில் மடிந்து விழுவாள். ஆறு வயதாகியும் தெருவைப் பார்க்க என் இடுப்பில் ஏறித்தான் போகவேண்டும். மிஷன் ஆஸ்பத்திரியில் வேறொரு பிள்ளையின் காலில் இரும்புச் சட்டம் மாட்டியிருந்ததைக் கண்டேன். காலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பட்டை. ஒவ்வொன்றும் கீழே செருப்பின் பட்டையோடு சேருகிற இடத்தில் ஒரு மூட்டு. சீமையிலிருந்து வரவேண்டும், மாசக்கணக்காகும் என்றார் டாக்டர்.

"நானே செய்தா பிள்ளைக்குக் கெடுதல் வருமா?"

"உறுத்தாம செய்தா வராது. ஆனா பாதம் மேலும் கீழும் அசையணும். பக்கத்துல சாயப்படாது, கேட்டீரா?"

இம்புட்டுதானே என்று வீறாப்பாக வீட்டுக்கு வந்தேன்.

பட்டையை வளைத்தேன், ஓரத்தையெல்லாம் அரம் போட்டு மழுக்கினேன், உள்ளே தோல் வைத்தேன். மூட்டுக்குத் தடித்த இரும்பு ரிவிட்டு. பெரிய சுத்தியலால் நாலு போடு. பாதம் மரக்கட்டை மாதிரி நின்றுவிட்டது. பிள்ளை நிலைப்படியில் முட்டி விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். அந்த ரிவிட்டை வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றை லேசாக அடித்தேன். மூட்டு கடகடவென்று ஆடியது, கணுக்கால் பழையபடி சாய்ந்தது, மறுபடியும் விழுந்தாள். இறுக்கினால் அசையவில்லை, தளர்த்தினால் நிற்கவில்லை. எத்தனை ரிவிட்டு வெட்டி எறிந்தேனோ!

"யப்பா, இது பெட்டி மாதிரியே இருக்கு. பூட்டும் போட்டிருவியளா?" என்றாள் மகள். சிரித்தேன். மறுநாள் சட்டத்தை எடுத்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "வேண்டாம்பா, பயமா இருக்கு" என்றாள். அப்போது சிரிப்பு வரவில்லை. என் கையை நானே வெட்டிப்போடலாம் போல இருந்தது.

அன்று சாப்பிட்டு முடித்து என் பெண்டாட்டி பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பாக்குவெட்டியையே பார்த்தேன். கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது, அதற்கு முன்னால் எத்தனை கை மாறியதோ. விரலால் தொட்டால் திறக்கிறது, மூடுகிறது. பக்கவாட்டில் ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. அதைச் சேர்த்துப் பிடித்திருப்பதும் ஒரு ரிவிட்டுதானே!

"ஏட்டி, அதைக் கொண்டா."

"பாக்கைக் கடிச்சா திங்கச் சொல்லுதிய? கிறுக்கு பிடிச்சிருக்கா உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே கொடுத்தாள்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். இரண்டு அலகுக்கும் நடுவே ரிவிட்டுப் பக்கத்தில் மெல்லிய ஒரு கோடு வெளிச்சம். காகிதத்தை நுழைத்தேன், கொளகொளவென்று போயிற்று. கடவக் கூடையிலிருந்து ஒரு பனையோலைக் கீற்றைப் பிய்த்து நுழைத்தேன். சிக்கென்று நின்றது. அட பாவி! எந்த ஊர்க் கொல்லனோ, பெயர் தெரியாது, முகம் தெரியாது. நடுவில் ஓலையை வைத்துத்தான் அடித்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அந்த இத்தனூண்டு இடைவெளியை எண்ணிவைத்து விட்ட மனுஷனை நினைத்து, பாக்குவெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இருபது வருஷமாக அதில் வெட்டின பாக்கைத்தான் நானும் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் பெரிய சுத்தியலை எடுக்கவே இல்லை. இரண்டு பக்கமும், கால் பட்டைக்கும் செருப்பின் பட்டைக்கும் நடுவே ஓலையை வைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்துகிற ரிவிட்டாகத் தேடி நுழைத்து, குண்டுத்தலைச் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். கடைசியில் நுனி குழிந்த அச்சை வைத்து ரிவிட்டின் தலையை உருட்டினேன். மூட்டு இறுகிப்போய்க் கிடந்தது. நெருப்பில் காட்டினேன், ஓலை சாம்பலாகி உதிர்ந்தது. ஆறவைத்து இரண்டு சொட்டு ஆமணக்கெண்ணெய் விட்டேன். ஒற்றை விரலால் தள்ளினேன், போயிற்று. பக்கவாட்டில் நெம்பினேன், அசையவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் செய்ததுதான், ஆனாலும் நான் செய்ததாக நம்ப முடியவில்லை.

மகளை மடியில் வைத்து, கெஞ்சி, சட்டத்தை மாட்டினேன். அவள் அம்மா பின்னால் பிடித்துக்கொண்டாள். நான் வாசலுக்குப் பக்கத்தில் குந்தி, "வா மக்கா, பைய வா" என்று இரண்டு கையையும் நீட்டினேன். ஒரு அடி வைத்தாள். பாதம் மடிந்தது, நிமிர்ந்தது. கணுக்கால் சாயவில்லை. அவள் அம்மா கையை விட்டுவிட்டாள். இன்னொரு அடி. இன்னும் ஒன்று. முகத்தில் பயமில்லை, கண் மட்டும் என்மேல் இல்லை. என் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்தவள், என்னைச் சுற்றிக்கொண்டு, நிலையைப் பிடித்து, படியிறங்கி, தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, பெண்டாட்டி வந்து தோளைத் தொட்டாள்.

"கையைத் தாழ்த்துங்க. அவ போயாச்சு."