முகோவின் கையெழுத்து

அமெரிக்காவின் லோவெல் நகரத்துக் கென்யர்களில் யாருக்காவது கடன் வேண்டுமென்றால் வங்கெசி ஆன்ட்டியிடம்தான் போவார்கள். பணத்துக்கு அல்ல, ஜாமீன் கையெழுத்துக்கு. ஆன்ட்டி முதியோர் இல்லத்தில் நர்ஸ், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். எங்கள் ஊர்க் கடன் சங்கங்களில் ஒருவன் கடன் வாங்கினால் ஆறு பேர் ஜாமீன் நிற்பார்கள். கேட்டவனுக்கு மறுப்பதுதான் அவமானம்.

என் தோழி நியோகாபிக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, நான் இரண்டு வருடம் வேலைக்காக வெளியூர்களில் அலைந்துவிட்டு, நாங்கள் இருவரும் சேர்ந்திருந்த பழைய வாடகை வீட்டுக்கே திரும்பியிருந்தேன். கடிதம் வந்த அன்று அவள் துள்ளிக் குதிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள். வெளிநாட்டு மாணவர்களுக்கு அரசுக் கடன் கிடையாது. முதல் வருடத்துக்கான தொண்ணூறாயிரம் டாலருக்கு ஜூலை முதல் தேதிக்குள் வழி காட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தனியார் வங்கி கடன் தரும், ஆனால் குடியுரிமை உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்க? பேனாவ எடு," என்றார் ஆன்ட்டி.

பத்து நாளில் வங்கி மறுத்துவிட்டது. ஆன்ட்டி ஏற்கெனவே மூன்று கார்களுக்கும் ஒரு சலூனுக்கும் ஜாமீன். கார் வாங்கியவர்களில் ஒருவன் டெக்ஸஸுக்குப் போய்த் தவணையை நிறுத்திவிட்டான். ஊராக இருந்தால் ஆறு பேரும் அவன் வாசலில் நின்று, கடனுக்கு ஈடாக அவன் ஆட்டை ஓட்டி வந்திருப்பார்கள். இங்கே யாரும் யார் வாசலிலும் நிற்கவில்லை. வங்கிகள் கடன் கொடுக்கப் பார்க்கும், ஆன்ட்டியின் பெயருக்கு நேரே இருந்த மதிப்பெண் மட்டும் சத்தமில்லாமல் இறங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் டீ குடித்துக்கொண்டே விசாரித்தோம். எல்லோரும் யாருக்காவது கையெழுத்துப் போட்டுக் கெட்டிருந்தார்கள்.

"சுத்தமான ஆளு ஒருத்தர்தான் இருக்காரு. முகோ," என்றார் ஒருவர். "ஆனா கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டி சிரிக்கவில்லை. முகோ அவருடைய கணவரின் தம்பி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். சொந்த அண்ணனின் டாக்ஸிக் கடனுக்கே ஜாமீன் போட மறுத்தவர். அண்ணன் சாகும்வரை அவரோடு பேசவில்லை.

"அவன் வீட்டுப் படிய மிதிச்சா என் வீட்டுப் படிய மிதிக்காத," என்றார் ஆன்ட்டி.

ஜூன் இருபதாம் தேதிவரை நியோகாபி வேறு வழி தேடினாள். பிறகு முகோவின் வீட்டுக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன்.

"அண்ணனுக்கே போடாதவன். உனக்கு ஏன் போடணும்?" என்றார் முகோ.

"தெரியல அங்கிள். வேற ஆளு இல்ல."

"நல்லவேளை, பைபிள் வசனம் சொல்லல." அவர் காகிதங்களை வாங்கிக்கொண்டார். "போயிட்டு மூணு நாள் கழிச்சு வா. எல்லாத்தையும் படிக்கணும்."

நிஜமாகவே எல்லாவற்றையும் படித்திருந்தார். ஓரங்களில் பென்சிலால் கேள்விகள் எழுதியிருந்தார். நியோகாபி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த ஜூன்ல மார்க்கோட வா. ஃபெயிலானா பஸ் ஓட்டக் கத்துத் தரேன்."

"அண்ணனுக்கு ஏன் போடல அங்கிள்?"

"அவன் காகிதத்த என்னையப் படிக்க விடல. போடுடான்னான்."

அன்றே நியோகாபி ஆன்ட்டியிடம் போய்த் தானே சொன்னாள். ஆன்ட்டி திட்டவில்லை. "சந்தோஷம்," என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்களில் யார் வெளியூர் போனாலும் முதல் நாள் ஆன்ட்டி வீட்டில் விருந்து நடக்கும். நியோகாபிக்கு நடக்கவில்லை. நான் சப்பாத்தி சுட்டேன். கல்லாக வந்தது. ஆளுக்கு ஒன்று தின்றோம்.

இப்போது அவள் இரண்டாம் வருடம். போன ஜூனில் மதிப்பெண்களோடு முகோவிடம் வந்தாள், கையெழுத்து வாங்கினாள். ஆன்ட்டியின் வீடு அதே தெருவில்தான், நான்கு வீடு தள்ளி. அதைத் தாண்டி நடந்தோம். பேருந்து நிறுத்தம் வந்ததும், என்ன சொல்லி அந்தக் கதவைத் தட்டுவது என்று என்னிடம் கேட்டாள்.