மேசைமேல் ஒரு வயோலா

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் சம்மணமிட்டு, வயோலாவின் தலையை வலது பாதத்தில் ஊன்றிக்கொண்டு, தொடங்கலாம் என்று லேப் அக்கா எனக்குக் கண்ணைக் காட்டுவார். அதை நினைத்தால் இன்றும் விரல் துறுதுறுக்கிறது.

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு நூற்பாலையில் அவர் பஞ்சு பரிசோதிக்கிற லேபில் இருந்தார். நான் அதே ஆலையில் தட்டச்சு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பியானோ வாசிப்பேன், வீட்டிலும் ஒரு பழைய பியானோ இருந்தது. காரமடைப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம் அவருடையது. கர்நாடக வயலின் கற்றவர், கனத்த குரலுக்கு ஆசைப்பட்டு, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்கு மாறியிருந்தார். யாரோ கொடுத்த கேசட்டில் இருபதாம் நூற்றாண்டின் மேற்கத்திய இசைப் படைப்புகளான இரண்டு சொனாட்டாக்களைக் கேட்டதும் பைத்தியமே பிடித்துவிட்டது. ஒன்று வயோலா தன்னந்தனியாக வாசிப்பது, மற்றது பியானோவோடு மல்லுக்கு நிற்பது. மல்லுக்கு என்னைப் பிடித்தார். சர்ச்சில் அடக்கி வாசித்தே பழகிய கைக்கு அந்த முரட்டு ஸ்வரங்கள் திருவிழாவாக இருந்தன. அவருக்கு உட்கார்ந்துதான் வாசிக்க வரும். தரையில் உட்கார்ந்தால் பியானோ மறைத்துவிடும், வில் இறங்குவது எனக்குத் தெரியாது. அதனால்தான் மேசை.

மலைமேல் ஒரு பள்ளியில் அவருக்கு இசை ஆசிரியர் வேலை காத்திருந்தது. வெளிநாட்டு இசைத் தேர்வின் கடைசி கிரேடு தேறினால்தான் கிடைக்கும். தேர்வு நாளில் தேர்வாளர், நரைத்த வெள்ளைக்காரர், அக்காவை நின்று வாசிக்கச் சொன்னார். அக்கா நின்று இரண்டு வரி வாசித்தார். வில் தடுமாறியது, நிறுத்திவிட்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"நின்னா கை வரமாட்டீங்குதுங்க. உக்காந்து வாசிக்கறனுங்க, அப்பறம் பெயில் போட்டாலும் போடுங்க," என்றார்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்து தனி சொனாட்டாவைத் தொடங்கிவிட்டார். அப்பா, என்ன வேகம்! நாலு தந்தியும் சேர்ந்து உறுமின. தேர்வாளர் எழுதவே இல்லை. தன் மேசைக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பியானோவோடு. இவரை மேசைமேல் உட்காரவைத்தால்தான் நான் வாசிக்க முடியும் என்று சொன்னேன். அறையில் இருந்ததோ தேர்வாளருடைய மேசை ஒன்றுதான். அவர் காகிதங்களையும் தேநீர்க் கோப்பையையும் எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, மேசையைத் தானே பியானோ பக்கம் தள்ளினார்.

இப்போது செல்பேசியைத் தட்டினால் அதே சொனாட்டாவை எத்தனையோ பேர் நின்றபடி, பிசிறில்லாமல் வாசிக்கிறார்கள். நாங்கள் அன்று அப்படி வாசிக்கவில்லை. நான் ஒரு வரியையே விழுங்கிவிட்டேன். ஆனால் கடைசிப் பாய்ச்சலில் அவர் வில்லும் என் கையும் ஒன்றாக இறங்கின. அப்படியொரு சந்தோஷம் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை. சான்றிதழ் தபாலில் வந்ததும், அக்கா மலைக்குப் போனதும் அப்புறம். எனக்கு முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது.

"காலு மரத்துப்போச்சு அம்மணி, ஒரு கை குடுங்க," என்றார் மேசைமேல் இருந்து.

நான் ஒரு கையைப் பிடித்தேன். இன்னொரு கையைத் தேர்வாளர் பிடித்தார்.