தெளிவாக வந்த ஆறு படங்கள்

சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் மைக்ராஸ்கோப்புகளுக்குக் காமிரா பொருத்துவதுதான் என் பிழைப்பு. மேல் குழாயில் ஒரு வளையத்தை இறுக்கி, அதன்மேல் காமிராவை உட்காரவைத்துக் கம்ப்யூட்டரில் இணைத்தால், கண்ணை இடுக்கிப் பார்த்ததெல்லாம் திரையில் விரியும். உடனே எல்லாரும் "அடேயப்பா" என்பார்கள். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலைகால் புரியாது.

சித்தூரில் ஒரு சின்ன லேபுக்கும் பொருத்தினேன். அங்கே டாக்டர் கிடையாது. செல்களைத் தடவிய கண்ணாடி ஸ்லைடை டெக்னீஷியன் அம்மா படம் எடுத்து அனுப்புவார். திருப்பதியில் இருக்கும் டாக்டர் செல்போனில் பார்த்து முடிவு சொல்வார். செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் இடம் காமிராவில் கறுப்பாக, கலங்கலாகத்தான் வரும்.

"அத்த விடுங்கம்மா. பரவலா இருக்கிற எடமா பாத்து எடுங்க, பளிச்சுனு வரும்" என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

நேரில் பார்க்கிற டாக்டர் மைக்ராஸ்கோப்பின் திருகை இப்படியும் அப்படியும் திருப்பி, ஆழத்தை மாற்றி அந்தக் குவியலுக்குள்ளும் பார்த்துவிடுவார். படத்தில் திருகு ஏது? இது எனக்குத் தெரியாததல்ல. படம் அழகாக வரவேண்டும் என்கிற கிறுக்கு, வேறொன்றுமில்லை.

பிச்சாட்டூரில் இருக்கும் என் அக்காவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியால் உறிஞ்சி ஸ்லைடில் தடவிக் கொடுத்ததை வேறெங்கும் போகவிடாமல் அந்த லேபுக்கே கொண்டுபோனேன். பக்கத்தில் நின்று பரவலான இடங்களாக நானே பொறுக்கினேன். ஆறு படமும் அப்பழுக்கில்லாமல் வந்தன. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரிடமிருந்து பதில் வந்தது. அக்கா மறுநாளே வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போய்விட்டாள்.

சில மாதங்களில் கட்டி கழுத்தின் இரண்டு பக்கமும் பரவியது. சோறு இறங்கவில்லை. அதே பழைய ஸ்லைடைத் துணியில் சுற்றிக்கொண்டு திருப்பதிக்கு ஓடினேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார், திருகைத் திருப்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இந்தக் குவியல் பூரா கேன்சருப்பா. இத ஏன் அனுப்பல?"

"கிளியரா வராதுன்னு விட்டுட்டாங்க சார்."

விட்டுட்டாங்க என்றுதான் வாயில் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

ஆபரேஷனுக்கு வழியில்லை என்று வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது போகிற லேபிலெல்லாம் கறுப்பாக வந்தாலும் எடுங்கள் என்று சொல்கிறேன். சொல்லி என்ன, அதனால் அக்கா பிழைக்கப்போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். அக்காவுக்குக் குரல் போய் வெறும் காற்றாகத்தான் பேச்சு வருகிறது. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்கார அம்மாவிடம் என்னைக் காட்டினாள்.

"எங்க தம்பிதான் எனக்காவ ஓடிக்கினு கெடந்தான். அவன் வெச்ச காமிராலதான் இன்னா நோவுன்னே தெரிஞ்சிச்சு."

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.